ஹெர் ஸ்டோரி: 271 கிளிப்புகளில் பேசுவது ஒருத்தியா, இருவரா?

சாம் பார்லோ எழுதி உருவாக்கிய ‘ஹெர் ஸ்டோரி’ என்ற வீடியோ கேம் 2015 ஜூனில் விண்டோஸ், மேக், ஐஓஎஸ் ஆகியவற்றுக்கு வந்தது. ஆண்ட்ராய்டுக்கு மறு ஆண்டு. இந்த கேமில் ஓட வேண்டாம், சுட வேண்டாம், யாரையும் துரத்த வேண்டாம். திரை முழுக்க 1990களின் பழைய கம்ப்யூட்டர் ஒன்றின் முகப்பு. அதன் கண்ணாடியில் குழல்விளக்கின் ஒளி பட்டு மினுங்குகிறது. உள்ளே ஒரு போலீஸ் டேட்டாபேஸ். தேடல் பெட்டியில் ஆங்கிலச் சொல் ஒன்றைத் தட்டினால், ஒரு பெண் அந்தச் சொல்லைச் சொல்லும் வீடியோ கிளிப்புகள் வரும். 1994 ஜூன் 18 முதல் ஜூலை 3 வரை நடந்த ஏழு விசாரணைகள் அங்கே 271 கிளிப்புகளாக நறுக்கிப் போடப்பட்டிருக்கின்றன. கணவன் சைமனைக் காணவில்லை என்று போலீஸிடம் வந்த ஹன்னா ஸ்மித் பேசுகிறாள். விசாரிக்கும் அதிகாரியின் குரல் ஓரிடத்திலும் கிடையாது. நமக்குக் கிடைப்பவை பதில்கள் மட்டும்தான்.

முடித்த பிறகும் “கடைசியில் என்னதான் நடந்தது?” என்று கேட்பவர்கள் ஏராளம். இத்தனைக்கும் கதையை வரிசையாகச் சொன்னால் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அது நம் கைக்கு வந்து சேரும் வரிசைதான் முதல் சிக்கல். அதைவிடப் பெரியது, அவள் வாயால் சொன்னதையும் கேமரா காட்டியதையும் ஒரே எடையில் வைத்துப் பார்க்கும் பழக்கம். இரண்டையும் பிரித்து எழுதிக்கொண்டே விளையாடினால் இந்த கேம் தெளிவாகப் பிடிபடும். பிடிபடாமல் மிஞ்சும் இடமும் எது என்று துல்லியமாகத் தெரியும்.

முதலில் ஐந்து கிளிப் விதியைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு சொல்லுக்கு எத்தனை கிளிப் பொருந்தினாலும் ஐந்துதான் திறக்கும். அந்த ஐந்தும் தேதி வரிசையில் முதலில் வருபவை. மொத்தம் எத்தனை இருக்கின்றன என்ற எண்ணை மட்டும் டேட்டாபேஸ் காட்டும். ‘சைமன்’ என்று தட்டினால் முதல் நாட்களில் அவள் சொன்ன சம்பிரதாயமான தகவல்களே வரும். அதே சைமனைப் பற்றிக் கடைசி விசாரணையில் அவள் சொன்னவை பட்டியலின் வால்பக்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கும். ஆக, பொதுவான சொல் எதுவானாலும் கதையின் தொடக்கத்துக்கே இழுத்துப் போகும். முடிவை எட்டுவதற்கு முடிவில் மட்டும் புழங்கும் சொல் தேவை. அந்தச் சொல் கிடைக்க, நடந்தது என்ன என்று ஓரளவு ஊகித்திருக்க வேண்டும். கேம் என்று இதைச் சொல்ல வைப்பது இந்த ஒரு விதிதான். மற்ற கேம்களில் சாவி ஏதாவது மேஜை டிராயரில் இருக்கும். இங்கே நம்முடைய ஊகமே சாவி.

இதற்கு மேல் பூட்டு எதையும் பார்லோ வைக்கவில்லை. சரியான சொல் தற்செயலாக விழுந்தால் பத்தாவது நிமிடத்திலேயே வாக்குமூலத்தின் நடுப்பகுதி திறந்துகொள்ளும். அதனால் ஒருவர் பார்த்த வரிசையும் இன்னொருவர் பார்த்த வரிசையும் ஒத்துப்போகாது. ‘அந்தத் திருப்பம் அருமை’ என்று இருவர் பேசிக்கொண்டால் பெரும்பாலும் வேறு வேறு திருப்பத்தைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கேம் தொடங்கும்போது தேடல் பெட்டியில் ‘மர்டர்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கும். அதில் வருபவற்றை முழுதாகப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு கிளிப்பிலிருந்தும் ஊர்ப்பெயர், ஆள்பெயர், பொருள் இவற்றைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். பொதுவான வினைச்சொற்களைத் தேடுவது வீண். எல்லா விசாரணையிலும் அவை வரும். பெயர்ச்சொல்லிலும் ஐந்துக்கு மேல் எண்ணிக்கை காட்டினால் இன்னொரு சொல்லைச் சேர்த்துத் தட்டுங்கள். இரண்டும் உள்ளவை மட்டும் வடிகட்டி வரும். எண்ணிக்கை ஐந்துக்குள் இறங்கும்வரை சேர்த்துக்கொண்டே போகலாம். பன்மை, இறந்தகால வடிவங்களையும் தனித்தனியே போட்டுப் பார்க்க வேண்டும். அவள் பேசுவது பிரிட்டிஷ் ஆங்கிலம். அம்மாவை ‘மம்’ என்றுதான் சொல்வாள். அமெரிக்க வழக்கில் ‘மாம்’ என்று தட்டினால் கிடைக்காமல் போகும். சப்டைட்டிலை அணைக்காமல் வையுங்கள். அடுத்த தேடலுக்கான சொல் கண்ணில் படுவது அங்கேதான்.

குறிப்பு எடுப்பதற்குக் கம்ப்யூட்டரைவிடத் தாள் நல்லது. விசாரணைக்கு ஒரு பக்கம் என்று ஏழு பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு கிளிப்பிலும் தேதியும் நேரமும் பதிந்திருக்கும். ஒவ்வொரு விசாரணைக்கும் அவள் உடை வேறு. எனவே உடையைப் பார்த்ததுமே எந்தப் பக்கத்தில் எழுத வேண்டும் என்று தெரிந்துவிடும். நேரத்தைக் குறிப்பது அவசியம். ‘ஆம்’, ‘இல்லை’ என்று ஒற்றைச் சொல்லில் முடியும் கிளிப்புகள் தனியாகப் பார்த்தால் பொருளற்றவை. அவற்றுக்கு முன்னும் பின்னும் உள்ள கிளிப்புகளின் நேரத்தோடு பொருத்தினால், அதிகாரி கேட்ட கேள்வியையே பல இடங்களில் திருப்பி எழுதிவிட முடியும். கிளிப்புகளுக்கு நாமே குறிச்சொல் போடும் வசதியும் உண்டு. உடை, நடத்தை, சந்தேகம் ஆகியவற்றை அதில் போடலாம். ஆனால் ஒரே குறிச்சொல்லை இருபது கிளிப்புகளுக்குப் போட்டுவிட்டு அவற்றை ஒரே பட்டியலாகப் பார்க்கலாம் என்று நினைத்தால் பலிக்காது. அந்த வேலைக்குத் தாள்தான்.

முகப்பில் டேட்டாபேஸ் செக்கர் என்று இன்னொரு நிரல் இருக்கிறது. 271 கிளிப்புகளும் சிறு கட்டங்களாகத் தெரியும். பார்த்தவை நிறம் மாறும். இதை அடிக்கடி திறக்காமலிருப்பது நல்லது. மிச்சக் கட்டங்களைத் தீர்க்க வேண்டும் என்ற பதற்றம் வந்துவிட்டால், கேட்பதை விட்டுவிட்டு அகராதியைத் தட்ட ஆரம்பித்துவிடுவோம். இந்த கேமைப் பாதியில் கைவிடுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

இனி வருவது முழுக் கதை. விளையாடும் எண்ணம் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு, முடித்துவிட்டு வாருங்கள்.

கடைசி விசாரணையில் பேசுபவள் தன் பெயர் ஈவ் என்கிறாள். அவள் சொல்லும் கதை இது. ஹன்னாவின் தாய்க்குப் பிறந்தவை இரட்டைக் குழந்தைகள். பிரசவம் பார்த்த ஃபுளோரன்ஸ், ஒன்று இறந்துவிட்டது என்று சொல்லி அதைத் தானே எடுத்து வளர்த்தாள். அந்தக் குழந்தைதான் ஈவ். சிறுமிகள் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். ஃபுளோரன்ஸ் இறந்த பிறகு ஈவ், ஹன்னா வீட்டுப் பரணில் ஒளிந்து வாழ்ந்தாள். ஊருக்கு ஒரே ஹன்னா. உள்ளே இருவர், முறை வைத்து மாறி மாறி. டைரி எழுதி, விதிகள் வகுத்து, ஒருத்திக்கு நேர்ந்ததை மற்றவளும் ஏற்றுக்கொண்டார்கள். ஒருத்திக்கு அடிபட்டால் அதே காயத்தை மற்றவளும் தனக்கு உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கண்ணாடி வேலை செய்யும் சைமன் வந்ததும் விதி உடைந்தது. ஹன்னா கருவுற்று அவனை மணந்தாள். அந்தக் கரு தங்கவில்லை, இனிக் கருவுறவும் முடியாது என்றானது. ஈவ் பிரிந்து போய், பொய்முடி வைத்துக்கொண்டு வேறொருத்தியாக அவனைச் சந்தித்து, அவனால் கர்ப்பமானாள். அதை அறிந்த ஹன்னாவோடு சண்டை மூண்டது. ஈவ் காரை எடுத்துக்கொண்டு கிளாஸ்கோ போய்விட்டாள். ஹன்னா ஈவின் பொய்முடியை வைத்துக்கொண்டு சைமனைப் பார்த்தாள். வாக்குவாதத்தில், அவன் செய்த முகம் பார்க்கும் கண்ணாடி உடைந்து, அதன் சில்லு அவன் கழுத்தை அறுத்தது. இருவருமாக உடலை மறைத்தார்கள். ஈவின் கிளாஸ்கோ பயணம் ‘ஹன்னா’வுக்கு அலிபியானது, அதாவது கொலை நடந்தபோது அவள் அங்கே இல்லை என்பதற்கான சாட்சி.

இதற்கு மறுபக்கம் நிற்பவர்கள், ஈவ் என்று ஒருத்தி பிறக்கவே இல்லை என்கிறார்கள். ஹன்னா ஒருத்திதான், அவள் மனம் இரண்டாகப் பிளந்திருக்கிறது, தான் செய்த கொலையை இன்னொரு பெயரில் சொல்கிறாள். இரண்டு வாசிப்பையும் தராசில் வைக்க ஒரு வழி: ஏழு பக்கக் குறிப்புகளையும் மூன்று நிற மையால் பிரியுங்கள். கேமரா நேரடியாகக் காட்டியது ஒரு நிறம். வேறு வேறு நாட்களில் முரணில்லாமல் திரும்ப வந்தது இன்னொரு நிறம். கடைசி வாக்குமூலத்தில் மட்டும் வந்தது மூன்றாவது.

அப்படிப் பிரித்தவுடன் ஒன்று உறுத்தும். மருத்துவச்சி, பரண், விதிகள் என்று இரட்டையர் கதையின் முதுகெலும்பு பெரும்பாலும் மூன்றாவது நிறத்தில் கிடக்கும். இருவரும் ஒரே நேரத்தில் தெரியும் கிளிப் ஒன்றுகூட இல்லை. இரட்டை வேடப் படங்களில் இருவரும் ஒரே காட்சியில் நின்று பேசுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த இல்லாமை இன்னும் பெரிதாகத் தெரியும். திருடப்பட்ட குழந்தை, பரணில் அடைந்து கிடக்கும் பெண், பொய்முடி, கண்ணாடி எல்லாம் தேவதைக் கதைச் சரக்கு. ஆங்கிலத்தில் எழுதினால் ஹன்னா, ஈவ் இரண்டு பெயரும் நம் புலவர்களின் மாலைமாற்றுப் போல முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றேதான். வாழ்க்கையில் இப்படி அமையாது, ஒரு மனம் புனைந்தால்தான் அமையும் என்பது ஒருத்தி தரப்பின் மிக வலுவான வாதம்.

எதிர்த்தரப்பின் மிக வலுவான சாட்சி, கையில் குத்தியிருக்கும் பச்சை. இதன் கனம் காயங்களோடு ஒப்பிட்டால்தான் விளங்கும். காயத்தைப் பகிர வேண்டும் என்பது அவர்கள் விதி என்பதால், முகத்திலோ கையிலோ தெரியும் எந்தக் காயமும் எவள் என்று அடையாளம் காட்டாது. காயத்தை வைத்து ‘இது ஹன்னா, இது ஈவ்’ என்று பிரிக்கப் பார்த்தவர்கள் எல்லாம் குழம்பியதற்குக் காரணம் இதுதான். பச்சை அந்த விதிக்கு வெளியே நிற்கிறது. பிரிந்த பிறகு ஈவ் தனக்கென்று வைத்துக்கொண்ட ஒன்று அது. அதனால் கிளிப்புகளை மீண்டும் ஓட்டும்போது கையை மட்டும் பாருங்கள். கை சட்டைக்குள் மறைந்திருக்கும் கிளிப்பை எந்தப் பக்கத்துக்கும் சாட்சியாக எடுக்காதீர்கள். கை வெளியே தெரியும் கிளிப்புகளின் நேரத்தை மட்டும் வரிசைப்படுத்துங்கள். சொல்லை நம்பாமல் கண்ணை மட்டும் நம்பிச் செய்யக்கூடிய ஒரே சோதனை இது.

கிளாஸ்கோவும் அப்படித்தான். இருவர் என்றால் அலிபிக்கு விளக்கம் எளிது: ஒருத்தி அங்கே, ஒருத்தி வீட்டில். ஒருத்தி என்றால் அந்தப் பயணமே அடியோடு பொய்யாக இருக்க வேண்டும், அதைச் சுற்றி அவள் சொன்ன அத்தனையும் அப்போதே திட்டமிட்டுக் கோத்ததாக இருக்க வேண்டும். மனம் பிளந்து தடுமாறுகிறவள், நாட்கணக்கில் பிசகாமல் திட்டமிடுகிறவள் இரண்டும் அவளே என்று கொள்வது கடினம்.

கிதாரோடு அவள் பாடும் பழைய நாட்டுப்புறக் கதைப்பாடலை இரு தரப்பும் உரிமை கொண்டாடுகிறார்கள். ஓர் ஆணுக்காக அக்கா தங்கையைத் தண்ணீரில் தள்ளிக் கொல்லும் பாட்டு அது. ‘பாட்டிலிருந்துதான் தங்கையைக் கற்பித்துக்கொண்டாள்’ என்கிறார்கள் ஒரு பக்கம். ‘தன் வாழ்க்கை என்பதால்தான் அந்தப் பாட்டைத் தேர்ந்தாள்’ என்கிறார்கள் மறுபக்கம். இதை எந்தப் பக்கமும் சேர்க்காமல் விடுவதே நேர்மை.

எங்கள் முடிவு இருவர் என்பதுதான். பச்சை, அலிபி இரண்டும் தவிர, வாக்குமூலத்துக்கு வெகு முன்பே உட்காரும் விதமும் பேசும் தாளமும் விசாரணைக்கு விசாரணை மாறுகின்றன. முதல் தடவை கேட்கும்போது அது பதற்றம் என்று தோன்றும். தேதி வரிசையில் ஓட்டிப் பார்த்தால் இரண்டு பழக்கங்களாகப் பிரிந்து நிற்கும்.

ஆனால் இருவர் என்று ஒப்புக்கொண்டவுடன் இன்னொரு கேள்வி எழுகிறது. இந்த கேமைப் பற்றிய வாதங்களில் அது போதிய அளவு பேசப்படுவதில்லை. கண்ணாடிச் சில்லு ஹன்னா கையில் இருந்தது என்று சொல்பவள் ஈவ் மட்டுமே. ஹன்னா என்று நாம் நம்புகிறவள் எந்த விசாரணையிலும் கொலையை ஒப்புக்கொள்வதில்லை. வாக்குமூலம் நடக்கும்போது ஹன்னா அங்கே இல்லை, மறுத்துச் சொல்ல அவளுக்கு வாயில்லை. வயிற்றில் குழந்தையோடு இருப்பவளுக்குத் தப்பிப்பதற்கான தேவை அதிகம். இல்லாதவள் மேல் பழியைப் போடுவது அவளுக்கு எளிது. இத்தனை நேரமும் சொன்னவை கதைகள்தாம் என்று அவளே கடைசியில் சொல்லிவிட்டுப் போகிறாள். ஒருத்தியா இருவரா என்பதைவிட, சில்லைப் பிடித்த கை எது என்பதே இங்கே உண்மையில் திறந்து கிடக்கும் இடம். அதை மூடுவதற்குப் போதுமான கிளிப் 271இலும் இல்லை.

போதிய அளவு பார்த்ததும் எஸ்.பி. என்ற பெயரில் ஒருவர் சாட்டில் வருகிறார். அப்போதுதான் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவள் ஈவின் மகள் சாரா என்று தெரியும். அவளுடைய தாய் அப்படிச் செய்தது ஏன் என்று புரிந்ததா என்று எஸ்.பி. கேட்கிறார். முக்கியமான கிளிப்புகள் ஓடும்போது விளக்கு மினுங்கித் திரைக் கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்து மறைவது இதற்கான முன்னறிவிப்பு. இருட்டு அறையில் விளையாடினால் தவறவிட மாட்டீர்கள். போன் திரையில் பகல் வெளிச்சத்தில் தவறிவிடும். சாராவின் இருப்பு இருவர் வாசிப்பை நிரூபிக்கிறது என்று சிலர் சொல்வது சரியல்ல. இனிக் கருவுற முடியாது என்ற ஹன்னாவின் நிலையும் சொல்லக் கேட்டதுதான், மருத்துவ அறிக்கையாகப் பார்த்ததல்ல. மகள் பிறந்தாள் என்பது ஒரு பெண் கர்ப்பமாக இருந்தாள் என்பதை மட்டும் உறுதி செய்யும்.

இவ்வளவையும் தாங்கி நிற்பது விவா சீஃபர்ட்டின் நடிப்பு. இசைக்குழுவிலிருந்து வந்தவர் அவர். நாற்காலியில் உட்கார்ந்தபடி, எதிரில் இருப்பவர் கேட்டதாகப் பாவித்து, எந்தத் துண்டாக வெட்டினாலும் தனியே நிற்கும்படி பேசியிருக்கிறார். படப்பதிவைப் பழைய விஎச்எஸ் வீடியோ நாடாக் கருவிகள் வழியாக ஓட்டிக் கறை சேர்த்திருக்கிறார்கள். 1994இன் நாடா என்று கண் உடனே நம்பிவிடுகிறது. 2015 கேம் அவார்ட்ஸில் சிறந்த கதைக்கும் சிறந்த நடிப்புக்குமான விருதுகளும், 2016இல் மூன்று பாஃப்டா விருதுகளும், சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் முதன்மைப் பரிசும் இதற்குக் கிடைத்தன. நடிப்புக்கான பரிசைப் பற்றி இரண்டாம் கருத்துக்கே இடமில்லை.

குறைகளும் உண்டு. ஒரு கிளிப்பை முன்னும் பின்னும் நகர்த்தி நொடிக்கணக்கில் ஆராய வசதி போதாது. மேலே சொன்ன பச்சைச் சோதனைக்கு அது உண்மையில் தொந்தரவு. ஐந்து கிளிப் விதி முதல் பாதியில் கூர்மையாக வேலை செய்கிறது. கடைசிக் கட்டத்தில், கதை தெரிந்த பிறகு மிச்சத்தைத் தேடும்போது, அதுவே அலுப்பாக மாறுகிறது. எல்லாம் ஆங்கிலத்தில் கேட்டு ஆங்கிலத்திலேயே தட்ட வேண்டும். காதால் பிடிக்கச் சிரமப்படுபவர்களுக்கு முதல் ஒரு மணி நேரம் கடினம். சப்டைட்டில் பெருமளவு கை கொடுக்கும். இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் முடிவை எட்டிவிடலாம். போனில் விளையாட முடியும் என்றாலும் கீபோர்டும் பெரிய திரையும் உள்ள கம்ப்யூட்டரில் வாங்குவதே சரி. ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். பேச்சின் தாளம் மாறுவதைக் கண்டுபிடிக்க அது தேவை.

பார்லோவின் அடுத்த படைப்புகளில் ‘டெல்லிங் லைஸ்’ (2019) இதே தேடல் முறையை நீண்ட வீடியோக்களில் வைத்தது. கிளிப்பின் நடுவிலிருந்து பின்னோக்கி ஓட்டியே நேரம் போய்விடுகிறது. ‘இம்மார்ட்டாலிட்டி’ (2022) சொல்லை விட்டுவிட்டு, காட்சியிலுள்ள பொருளையோ முகத்தையோ தொட்டு வேறொரு காட்சிக்குத் தாவும் முறைக்கு மாறியது. கதைக் குழப்பத்தில் இதைவிடப் பல மடங்கு ஆழமானது. முதலில் ஹெர் ஸ்டோரியை முடித்துவிட்டு அதற்குப் போவது நல்லது.

சாட்டில் எஸ்.பி. முடித்துவிட்டீர்களா என்று கேட்கும்போது அவசரப்பட்டு ஆம் என்று சொல்லத் தேவையில்லை. சொன்னாலும் டேட்டாபேஸ் பறிபோகாது. திரும்ப நுழைந்து மிச்சத்தைத் தேடலாம். தேடும்போது மீண்டும் முதல் விசாரணைக்கே போய், அன்று பேசியவள் யார் என்ற கேள்வியோடு ஒவ்வொரு கிளிப்பாகக் கேளுங்கள். சைமனைப் பற்றி அவள் எந்த இடத்தில் நிகழ்காலத்தில் பேசுகிறாள், எந்த இடத்தில் இறந்தகாலத்துக்கு நழுவுகிறாள் என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.